வீட்டுப் பத்திரம் பெட்டியை விட்டுப் புறப்படுமுன்...

பனமலை சிறிய ஊர். செஞ்சி வட்டாரத்தில் இருக்கிறது. ஊரை ஒட்டி ஒரு குன்று. குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. சுமார் 1,300 வருடமாக நிற்கிறது. பக்கத்தில் பெரிய ஏரி.

ஏரி நிறைந்தால் வயல் விளையும். வயல் விளைந்தால் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும். ஏரி நிறையாத வருடத்தில்?

அப்போது பெட்டி திறக்கப்படுகிறது. முதலில் நகை வெளியே போகிறது. அதுவும் போதாவிட்டால், பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கும் வீட்டுப் பத்திரம் போகிறது.

இது பனமலைக்கு மட்டும் உள்ள கதை அல்ல. ஏர் பிடிக்கிற ஊர் எல்லாவற்றுக்கும் உள்ள கதை. பட்டணத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டிலும் இன்று இதே கதைதான் நடக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. முன்பு கடன் கேட்டு மனிதர்கள் அலைந்தார்கள். இப்போது கடன் மனிதர்களைத் தேடி வருகிறது. கையில் இருக்கும் போன் மணி அடிக்கிறது. "உங்கள் வீட்டுக் கடனை எங்களிடம் மாற்றிக் கொள்ளுங்கள். வட்டி குறைவு. மாதத் தவணையும் குறையும். மேற்கொண்டு 3 லட்சம் ரூபாய் கையில் தருகிறோம்" என்று இனிமையான குரல் பேசுகிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் எப்படி இருக்கிறது?

100 ரூபாய் 251 ரூபாய் ஆன கதை

பழைய கடனைப் புதிய கடனாக மாற்றுவது நேற்று வந்த வழக்கம் அல்ல.

பனமலை முன்பு தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. மல்லாட்டையும் நெல்லும் விளையும் பூமி. 1929-க்குப் பிறகு உலகம் எங்கும் விலைவாசி சரிந்தது. விளைபொருளுக்கு விலை இல்லை. ஆனால் வாங்கிய கடன் குறையவில்லை.

புரோநோட்டுக்கு ஆயுள் 3 வருடம். அது காலாவதி ஆகும் முன் பணம் கொடுத்தவர் வருவார். "பணம் இல்லையா? பரவாயில்லை. வட்டியையும் சேர்த்துப் புது நோட்டு எழுதிக் கொடு" என்பார்.

100 ரூபாய் கடன். நூற்றுக்கு வருடம் 12 ரூபாய் வட்டி. 3 வருடத்தில் வட்டி 36. புது நோட்டு 136 ரூபாய்க்கு எழுதப்படும். அடுத்த 3 வருடத்தில் அது 185 ஆகும். அதற்கடுத்த 3 வருடத்தில் 251 ஆகும். கைக்கு வந்த பணம் 100 ரூபாய்தான். 9 வருடத்தில் பத்திரம் 251 ரூபாய் பேசும். இப்படித்தான் நோட்டு ஈடு ஆயிற்று. ஈடு கிரயம் ஆயிற்று. நிலம் கை மாறிற்று.

இந்தச் சூழ்ச்சியைச் சட்டமே கண்டு கொண்டது. 1938-ல் ராஜாஜி அரசு, சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அசலைப் போல் இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டிவிட்ட பழைய கடன் தீர்ந்ததாகவே கருதப்படும் என்றது அந்தச் சட்டம். இன்னொன்றும் சொன்னது. அதே ஆளிடம் நோட்டை எத்தனை முறை மாற்றி எழுதியிருந்தாலும், உண்மையில் கைக்கு வந்த பணம் எதுவோ அதுதான் அசல்.

கடன் பத்திரம் புதிதாக இருக்கலாம். அதற்குள் இருப்பது பழைய கடன்தான். 1938-ல் சட்டம் கண்ட உண்மை இது. இன்றைய குடும்பமும் இதை மறக்கக் கூடாது.

மாற்றுவது எப்போது நல்லது?

கடனை மாற்றுவதே தவறு என்று சொல்வதற்கில்லை. சென்னையில் 1929-ல் மத்திய கூட்டுறவு நில அடமான பாங்கி தொடங்கப்பட்டது. கொடிய வட்டிக் கடனில் சிக்கிய விவசாயி, குறைந்த வட்டிக்கு நீண்டகாலக் கடன் வாங்கி, பழைய கடனை அடைக்க வழி செய்தது. அதுவும் கடன் மாற்றம்தான். அது பல நிலங்களை மீட்டது.

இன்றும் அப்படி நல்ல மாற்றம் உண்டு. ஒருவர் தனியாரிடம் 3 லட்சம் ரூபாய் இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மாதம் 6,000 ரூபாய் வட்டி. எத்தனை வருடம் கட்டினாலும் அசல் அப்படியே நிற்கும். இதையே பாங்கியில் 10 சதவீத வட்டிக்கு 5 வருடக் கடனாக மாற்றினால் மாதத் தவணை 6,374 ரூபாய். மாதம் 374 ரூபாய்தான் அதிகம். 5 வருடத்தில் வட்டியோடு அசலும் தீர்ந்து போகும்!

வீட்டுக் கடனிலும் ஆரம்ப வருடங்களில் மாற்றினால் லாபம் உண்டு. 20 லட்சம் ரூபாய், 20 வருடம், வட்டி ஒன்பதரை சதவீதம். தொடக்கத்திலேயே இது எட்டரை சதவீதமாகக் குறைந்தால் மாதம் சுமார் 1,286 ரூபாய் மிச்சம். 20 வருடத்தில் ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் மிச்சம். செலவு போனாலும் கையில் நிற்கும்.

ஆகவே கத்தி நல்லதா கெட்டதா என்பது கேள்வி அல்ல. எதை நறுக்குகிறது என்பதே கேள்வி.

வட்டி குறைந்தது, செலவு ஏறியது!

இப்போது மற்றொரு குடும்பத்தைப் பார்க்கலாம். கணக்குக்காகச் சொல்லும் குடும்பம்தான். ஆனால் இப்படிப்பட்ட குடும்பம் எந்தத் தெருவிலும் இருக்கும்.

10 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன். 15 வருடம். 9 சதவீத வட்டி. மாதத் தவணை 10,143 ரூபாய். 10 வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டார்கள். பாக்கி சுமார் 4 லட்சத்து 89 ஆயிரம் ரூபாய். இன்னும் 5 வருடம் கட்டினால் வீடு சொந்தம். கட்ட வேண்டிய மொத்தத் தொகை ஏறத்தாழ 6 லட்சத்து 9 ஆயிரம்.

அப்போது போன் வருகிறது. "எட்டரை சதவீத வட்டிக்குத் தருகிறோம். தவணை பாதியாகக் குறையும்!"

உண்மைதான். தவணை 4,811 ரூபாயாகக் குறைகிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் புதிய கடன் மறுபடியும் 15 வருடம்! 180 மாதம் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 8 லட்சத்து 66 ஆயிரம் ரூபாய் ஆகிறது.

வட்டி அரை சதவீதம் குறைந்தது. செலவு இரண்டரை லட்சத்துக்கு மேல் ஏறியது. 5 வருடத்தில் முடிய வேண்டிய கடன், குடும்பத் தலைவருக்கு வயதான பிறகும் தொடர்கிறது.

சரி, 5 வருடத்துக்கே மாற்றினால்? மாதம் 120 ரூபாய் கூட மிஞ்சாது. 5 வருடத்துக்கும் சேர்த்துச் சுமார் 7,000 ரூபாய். பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், பத்திரச் செலவு ஆகியவை அந்த 7,000 ரூபாயை விழுங்கிவிடும்.

காரணம் எளிது. கடனின் முதல் பாதியில் கட்டும் பணத்தில் பெரும்பகுதி வட்டிக்குப் போகிறது. பின் பாதியில்தான் அசல் வேகமாகக் கரைகிறது. வட்டியை எல்லாம் கட்டி முடித்து, அசல் கரையும் நேரத்தில் கடனை மாற்றுவது, மலைக் கோயிலுக்குப் படியேறியவர் கதவருகே வந்ததும் அடிவாரத்துக்கு இறங்கி மறுபடி ஏறுவது போன்றது.

மேல் கடன் என்னும் இனிப்பு

"மேற்கொண்டு 3 லட்சம் தருகிறோம்" என்றார்களே, அது என்ன? அதற்கு 'டாப்-அப்' கடன் என்று பெயர். வீட்டின் மதிப்பு ஏறியிருக்கும். பழைய கடன் குறைந்திருக்கும். இடையில் உள்ள மதிப்பின் மேல் இன்னொரு கடன்.

பையனின் மேல் படிப்புக்கு வாங்கினால் அவன் நாளை சம்பாதிப்பான். கிணறு வெட்ட வாங்கினால் தண்ணீர் கிடைக்கலாம். கல்யாண விருந்துக்கு வாங்கினால்?

3 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டிக்கு 15 வருடக் கடனாக வாங்கினால், கட்டும் மொத்தம் ஏறத்தாழ 5 லட்சத்து 48 ஆயிரம். கல்யாணம் ஆன பெண்ணின் குழந்தை பத்தாம் வகுப்பு எழுதும் வரை, அவள் கல்யாணப் பந்தலுக்குத் தாத்தா தவணை கட்டிக் கொண்டிருப்பார்!

இன்னொரு வகை, வீட்டு ஈட்டின் மேல் 'ஓவர்டிராப்ட்'. பாங்கி ஒரு வரம்பு கொடுக்கும். வேண்டும்போது எடுக்கலாம், எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி. சீசனுக்குச் சரக்கு வாங்கி, விற்றதும் பணத்தைத் திருப்பிப் போடும் வியாபாரிக்கு இது வசதி. மாத வருமானம் மட்டும் உள்ள குடும்பத்துக்கு இது வழுக்குப் பாறை. வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பு வந்துவிடும். 5 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டிக்கு எடுத்து, வட்டியை மட்டும் 10 வருடம் கட்டினால், கட்டிய வட்டியே 5 லட்சம். அசலும் 5 லட்சம், குறையாமல் நிற்கும்.

செஞ்சிக் கோட்டை ஒரே நாளில் விழவில்லை. 1690-ல் மொகலாயப் படை முற்றுகையைத் தொடங்கியது. 1698-ல்தான் கோட்டை கைமாறியது. வீட்டுக் கடனும் அப்படித்தான். மாதா மாதம் சுற்றி வளைக்கும். ஒரு நாள் கதவைத் தட்டும்.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்கா பணக்கார நாடு. அங்கும் இதே தவறு நடந்தது. 2000-க்குப் பிறகு சில வருடங்கள் வீட்டு விலை ஏறிக் கொண்டே போயிற்று. ஏறிய விலையைக் காட்டி மக்கள் வீட்டின் மேல் மறுபடி மறுபடி கடன் வாங்கினார்கள். கார் வாங்கினார்கள், பழைய கடனை அடைத்தார்கள், செலவு செய்தார்கள். வீடு பணப் பெட்டி போல் ஆகிவிட்டது.

2006-க்குப் பிறகு வீட்டு விலை இறங்கியது. விலை இறங்கியது, கடன் இறங்கவில்லை. வீட்டின் மதிப்பை விடக் கடன் அதிகம் என்ற நிலை லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வந்தது. பலர் வீட்டை இழந்தார்கள். 2008 செப்டம்பர் 15-ந் தேதி லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் திவால் ஆயிற்று. உலகமே ஆட்டம் கண்டது.

வீட்டு விலை என்பது விற்கும் நாளில்தான் பணம். அதுவரை அது பேச்சு. தவணையோ ஒவ்வொரு மாதமும் பணம்.

தவணை தவறினால்...

2002-ல் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. 'சர்பாசி' சட்டம் என்பார்கள். ஈடு வைத்த வீட்டைப் பாங்கியும் வீட்டுக் கடன் கம்பெனியும் வழக்குப் போடாமலே கைப்பற்றி ஏலம் விட இது வழி செய்கிறது.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக் கடன் ஆகும். பிறகு 60 நாள் நோட்டீஸ் வரும். அந்த நோட்டீசை வாங்கிப் பரணில் போடக் கூடாது. எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பாங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் பாயாது. வேறு வழியில் வழக்குத் தொடரலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

தவணை கட்ட முடியாத நிலை வரும் என்று தெரிந்தால், நோட்டீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் மாதமே பாங்கி மானேஜரைப் பார்க்க வேண்டும். வெட்கத்தால் இழந்த வீடுகள் உண்டு. கேட்டதால் இழந்த வீடு இல்லை.

பாங்கி தராத இடத்தில் தனியாரிடம் போகிறவர்களுக்கு வேறொரு குழி காத்திருக்கிறது. "ஈடு வேண்டாம், கிரயமாகவே எழுதிக் கொடு. பணம் வந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார்கள். வாய் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டால் வீடு போனது போனதுதான். 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தில், 1929-ல் செய்த திருத்தம் ஒன்று உண்டு. திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் அதை ஈடு என்று கருத முடியும். தனித் தாளில் எழுதிக் கொடுத்தது அதற்கு உதவாது. பொது அதிகாரப் பத்திரம் கேட்டாலும் அதே எச்சரிக்கை வேண்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி வாங்குவது 2003-ம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். போலீசில் புகார் கொடுக்கலாம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

கடன் வாங்குகிறவருக்கு இன்று சில பாதுகாப்புகள் உண்டு. தெரிந்தவருக்கே அவை பயன்படும்.

முதலாவது, 'முக்கிய விவரத் தாள்'. 2024 அக்டோபர் 1 முதல் புதுக் கடன் வாங்கும் எவருக்கும் இதைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் உத்தரவு. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தமிழில் கேட்டு வாங்கலாம். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லலாம்.

இரண்டாவது, வட்டி மாறுமா, மாறாதா என்ற கேள்வி. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் பாங்கி தன் வட்டியை 4 சதவீதத்திலிருந்து ஆறரை சதவீதமாக உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் வாங்கிய பலருக்குத் தவணை மாறவில்லை; வருடம் நீண்டது. பலர் அதைக் கவனிக்கவே இல்லை. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் உத்தரவு வந்தது.

மூன்றாவது, முன்கூட்டி அடைக்கும் உரிமை. தனி மனிதர் சொந்தத் தேவைக்காக மாறும் வட்டியில் வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால், பாங்கி அபராதம் வாங்கக் கூடாது. ஆகவே அறுவடைப் பணமோ போனஸோ வந்தால் ஒரு பகுதியைக் கடனில் கட்டலாம். வேறு பாங்கிக்கு மாறுவதை விட இது பல சமயம் லாபம். இருக்கும் பாங்கியிலேயே வட்டியைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுப்பதும் நல்ல வழி.

நான்காவது, பத்திரம். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளில் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் பாங்கியின் தவறு என்றால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் வந்தால் மட்டும் போதாது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஈடு ரத்து ஆனதையும் பதிவு செய்ய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், நாளை பிள்ளைகள் வீட்டை விற்கப் போகும்போது தீர்ந்த கடன் உயிரோடு எழுந்து நிற்கும்.

பாங்கி குறையைத் தீர்க்காவிட்டால், எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாள் பார்க்க வேண்டும். பிறகு ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

குடும்பம் முழுவதும் உட்கார வேண்டும்

வீட்டுக் கடனுக்குக் கணவன் கையெழுத்துப் போடுகிறான். மனைவியும் போடுகிறாள். பல வீடுகளில், தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவளுக்குத் தெரிவதில்லை. பத்திரம் தாயார் பேரில் இருந்தால் தாயாரும் போடுகிறாள். வீடு போனால் தெருவில் நிற்பது எல்லோரும்தான். அப்படியானால் யோசிப்பதும் எல்லோருமாக இருக்க வேண்டும்.

விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம் போதும். ஒரு தாளும் பென்சிலும் வேண்டும். பழைய கடனில் இன்னும் கட்ட வேண்டியது மொத்தம் எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். புதிய கடனில் கட்ட வேண்டியது, கட்டணமும் சேர்த்து, மொத்தம் எவ்வளவு என்று மறு பக்கம் எழுத வேண்டும். மாதத் தவணையை அல்ல, மொத்தத்தை ஒப்பிட வேண்டும். கடன் தீரும் வருடத்தில் குடும்பத் தலைவருக்கு எத்தனை வயது என்றும் எழுத வேண்டும்.

மொத்தமும் குறைந்து, வருடமும் நீளாமல் இருந்தால் தாராளமாக மாற்றலாம். மொத்தம் ஏறினால், போனில் பேசும் இனிய குரலுக்கு ஒரு வார்த்தை பதில் போதும். "வேண்டாம்."

கடனை இடம் மாற்றுவது வேறு. கடனைத் தீர்ப்பது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த குடும்பத்தின் பெட்டியில் பத்திரம் பத்திரமாக இருக்கும்.